பத்துக்கு எத்தனை

"அண்ணே, அவுக இன்னைக்கும் பூச்சியம்னுதான் சொல்லுறாக" என்று இன்னாசியம்மாள் தொலைபேசியில் கூறியபோது, நான் பாஸ்கு நாடகத்தின் வசனப் படிகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தேன். காலை எட்டரை மணி இருக்கும். அவளுடைய கணவன் மரிய ஜோசப்புக்குத் தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வளர்ந்திருந்த கட்டியை எடுப்பதற்காக மேல்வயிற்றையும் வலப்பக்க மார்பையும் திறந்திருந்தார்கள். வலி எவ்வளவு என்று வேளைக்கு வேளை அவனைக் கேட்டனர். வலியே இல்லையென்றால் பூச்சியம். தாங்கவே முடியாதென்றால் பத்து. இடையில் உள்ளதற்கு ஏற்றாற்போல் ஓர் எண். மரிய ஜோசப் மூன்று நாள்களாகப் பூச்சியத்தைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

"நல்லதுதானம்மா. வலி இல்லேன்னா சந்தோசப்பட்டுக்க வேண்டியதுதான" என்றேன்.

"என்னண்ணே நல்லது? காலுல ஒரு முள்ளுத் தச்சா ஊரக் கூட்டி ஒப்பாரி வைக்கிற மனுசன் அவுக. போன வருசம் பல்லுப் புடுங்கப் போனப்ப உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. இப்ப நெஞ்சத் தொறந்து தச்சுப் போட்டுருக்கு, பூச்சியமாம். மூஞ்சியெல்லாம் வேர்த்து ஒழுகுது. இருமச் சொன்னா இரும மாட்டேங்குறாக. மூச்சு எறங்கிக்கிட்டே போகுதுன்னு டாக்டரம்மா சொன்னாக." அவள் குரல் சற்றே தாழ்ந்தது. "நேத்து அரைத் தூக்கத்துல உங்க பேரச் சொன்னாக அண்ணே. 'கிறிஸ்டோபர் அண்ணன் அன்னைக்கு வாயத் தொறந்தாரா? அவரு தொறக்கல. நான் மட்டும் தொறக்கணுமாக்கும்'னு. என்னண்ணே அது? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"எனக்கும் தெரியலம்மா" என்றேன். எனக்குத் தெரிந்திருந்தது.

"அருண வண்டியோட அனுப்பிருக்கேன். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாக" என்று கூறி அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். திருத்திக்கொண்டிருந்த தாளைப் பார்த்தேன். சேவகன் பேசும் பகுதியில் ஒற்றுப்பிழைகள் மிகுந்திருந்தன. மூடிவைத்துவிட்டுச் சட்டையை மாற்றச் சென்றேன்.

அரை மணி நேரத்தில் அருண் ஜோசப் வந்தான். மரிய ஜோசப்பின் ஒரே மகன். முப்பது வயதைக் கடந்தவன். குமுளிக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் விடியலில் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டுகிறான். மூன்று நாள்களாக வேலைக்குச் செல்லாததால் முகம் மழிக்கப்படாமல் இருந்தது.

"பின்னாடி உக்காருங்க சாரே. முன்னாடி சீட்டுல தண்ணி கொட்டிருச்சு" என்றான். மலையாளிகளோடு பழகிப் பழகி அவன் நாவில் 'சாரே' ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் அவனுக்குப் பின்னால் அமர்ந்தேன். வண்டி உத்தமபாளையம் சாலையில் ஏறியது. இருமருங்கிலும் திராட்சைப் பந்தல்கள் கவாத்து முடிந்து வெறுங்கொடிகளாய்க் கிடந்தன. எதிரில் அவனுடைய பிடரியும், சட்டைக் காலருக்குக் கீழே அகன்ற முதுகும் தெரிந்தன. அம்முதுகைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வர முயன்றேன்.

"மொத நாளு நல்லாத்தான் இருந்தாப்ல" என்று அவனாகவே பேச்சைத் தொடங்கினான். "முதுகெலும்புக்குள்ள நூலு கணக்கா ஒரு ட்யூப்பு சொருகிருக்காக. ஆப்பரேசனுக்கு முந்தியே, முழிச்சிருக்கயிலயே போட்டுட்டாக. அது வழியா மருந்து சொட்டுச் சொட்டாப் போயிக்கிட்டே இருக்கும். நெஞ்சு, மேவயிறு ரெண்டும் மரத்துப் போயிருமாம். அப்பா அன்னைக்கு எங்கிட்ட, 'ஏலே, என் பாதி ஒடம்ப எங்கடா வச்சீக'ன்னு கேட்டுச் சிரிச்சாக. ரெண்டாம் நாளு சேருல தூக்கி உக்கார வச்சாக பாருங்க, அதுல இருந்துதான் ஒரு மாதிரி ஆயிட்டாக. ஆனா கேட்டா வலிக்கலங்கிறாக. எங்கம்மா என்னமோ சாபம் கீபம்னு அழுகுது."

"சாபமெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

"அதத்தான் நானும் சொன்னேன்" என்றான் அருண். 

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகலில், கோயில் திடலில் ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அதனைப் பாஸ்கு என்போம். ராயப்பன்பட்டியிலிருந்தும் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். பதினான்கு ஆண்டுகள் நான் ஆண்டவராக நடித்தேன். அவற்றுள் பதினோர் ஆண்டுகள், என்னைக் கற்றூணில் கட்டிவைத்து அடித்த சேவகன் மரிய ஜோசப். என் தோட்டத்திற்கு அடுத்த தோட்டக்காரன். என்னைவிட ஏழு வயது இளையவன். சாட்டை என்பது பழைய சேலையைக் கிழித்துப் பின்னியது. அதனைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்துக்கொண்டு வருவான். ஓங்குவது வேகமாக இருக்கும். முதுகில் படுவது தடவுவதைப்போல் இருக்கும். அடியின் ஓசையைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் பலகையில் அறைந்து எழுப்புவார். ஒன்பது அடி முடியும்போது என் முதுகில் சாயம் வழியும். திடலில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் நடந்த பாஸ்குவில், முதல் அடி விழுந்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சேலைப் பின்னலுக்குள் பந்தல் கட்டும் தேங்காய்நார்க் கயிறு இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மரிய ஜோசப்பின் கண்கள் நடிப்பவனின் கண்களாக இல்லை. ஆண்டவருக்கு அவ்விடத்தில் வசனம் கிடையாது. கைகள் தூணில் கட்டப்பட்டிருந்தன. ஒன்பது அடிகளையும் நான் வாய் திறவாமல் வாங்கிக்கொண்டேன். உயிர்ப்பு ஞாயிறன்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் என் நடிப்பைப் புகழ்ந்தார். அவ்வாண்டைப்போல் பாஸ்கு நடந்ததில்லை என்று இன்றும் ஊரில் பேசிக்கொள்வார்கள்.

அவன் ஏன் அடித்தான் என்பது எனக்குத் தெரியாததன்று. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அருணை நான் பிரம்பால் அடித்திருந்தேன். திராட்சை பறிப்பு நாள்கள் அவை. மூன்று நாள்கள் பள்ளிக்கு வராமல் நான்காம் நாள் வந்து நின்றான். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. என் வகுப்பில் எதிர்த்து நிற்பதாக எண்ணிக்கொண்டேன். முதுகில் நான்கு அடி. மூன்றாம் அடியில் சட்டை கிழிந்தது, நான் நிறுத்தவில்லை. அடுத்த வாரத்தோடு அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். மரிய ஜோசப் என்னிடம் வந்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவனுக்கு வாய் இல்லை. மகனைச் சேர்க்க வந்த அன்று, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்கண்ணே" என்று எல்லாத் தகப்பன்மாரையும் போல அவனும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இவை இரண்டையும்விட என்னை வருத்துவது மூன்றாவது ஒன்று. பாஸ்கு முடிந்த மறுநாள் காலையில் மரிய ஜோசப் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். இரவெல்லாம் உறங்காத முகம். நான் சட்டை அணிந்திருந்தேன். உள்ளே பனியன், புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. "அண்ணே, வலிச்சுச்சா?" என்று கேட்டான். அவன் எதைக் கேட்க வந்திருக்கிறான் என்பதும், ஒரு சொல் சொன்னால் என் காலில் விழுந்துவிடுவான் என்பதும் எனக்குத் தெரியும். "எங்கப்பா? பஞ்சு மாதிரி இருந்துச்சு. நல்லா நடிச்ச போ" என்றேன். அவன் முகம் இருண்டது. அப்படியே திரும்பிப் போய்விட்டான். அடுத்த ஆண்டிலிருந்து அவன் சேவகனாக நடிக்கவில்லை. மருந்து பூசிவிட்ட என் மனைவியைத் தவிர, அந்தத் தழும்புகளை ஒருவரும் பார்க்கவில்லை. அவளும் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மன்னிப்புக் கேட்க இடம் கொடாமலிருப்பதைப்போன்ற தண்டனை வேறில்லை. அதனை நான் அறிந்தே செய்தேன்.

மருத்துவமனையில் இரண்டாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இன்னாசியம்மாள் நின்றிருந்தாள். செபமாலை கைவிரல்களில் சுற்றப்பட்டிருந்தது, அவள் செபித்துக்கொண்டிருக்கவில்லை. என்னைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"வந்துட்டீகளா? உள்ள போயி நல்லாத் திட்டுங்க அண்ணே. நான் சொன்னா, 'ஒனக்கென்னடி தெரியும், போயி டீயக் குடி'ங்கிறாக. மூச்சு விட முடியாத நேரத்துலயும் எகத்தாளத்துக்கு மட்டும் கொறச்சல் இல்ல."

உள்ளிருந்து மருத்துவர் வந்தார். அனுசுயா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் அவர்தாம். நாற்பது வயதிருக்கும். என்னை ஓரமாக அழைத்துச் சென்று பேசினார்.

"நீங்க டீச்சராமே சார். உங்களுக்குச் சொன்னாப் புரியும். நெஞ்சையும் மேல்வயித்தையும் தொறந்து தச்சா, மூச்சு விடுற ஒவ்வொரு தடவையும் புண்ணு அசையும். வலிக்குதேன்னு மனுசன் மேலோட்டமா மூச்சு விடுவாரு. இரும மாட்டாரு. அப்ப நுரையீரல் அடிப்பக்கம் சுருங்கிச் சளி கட்டிக்கும். அது நடக்கக்கூடாதுன்னுதான் முதுகுல அந்தக் குழாயே போடுறோம். வலி இல்லேன்னா நல்லா மூச்சு இழுப்பாரு, இருமுவாரு, நடப்பாரு. இவருக்கு ஒரு நாள் நல்லா வேலை செஞ்சுது. இப்ப வலப்பக்கம் வேலை செய்யலன்னு நெனைக்கிறேன். வெளியே தெரியுற குழாயோட அளவு மாறல. உள்ளே நுனி ஒரு பக்கமா விலகியிருக்கும். அப்படி ஆகுறது உண்டு."

"நெனைக்கிறேன்னா? சோதிச்சுப் பாக்க முடியாதாம்மா?"

"பாத்தேனே. பனிக்கட்டி வச்சுத் தேய்ச்சா, மரத்துப் போன எடத்துல குளிர்ச்சி தெரியாது. ரெண்டு பக்கமும் தெரியலங்கிறார். ஆனா வலப்பக்கம் வச்சப்ப மயிரெல்லாம் சிலிர்த்துக்கிட்டு நிக்குது. அவரு வாய் சொல்றதத் தோல் சொல்லல சார்." அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாடித்துடிப்பு நூத்திருபதுக்கு மேல ஓடுது. அது வலியாலயா, இல்ல உள்ளே போட்ட தையல் கசியுதா? அது எனக்குத் தெரியணும். வலி எங்க, எவ்வளவுன்னு அவரு சொன்னாத்தான் ரெண்டையும் பிரிக்க முடியும். வேற குழாய் போடுறேன்னா, உக்காந்து முதுகக் காட்ட மாட்டேங்குறார். 'எனக்குத்தான் வலியே இல்லையே, எதுக்கு?'ங்கிறார். ரெண்டு மணி நேரம் பாப்பேன். ஆக்சிஜன் இப்படியே இறங்குனா, தொண்டையில குழாய் விட்டு மூச்சு மிசின்ல போட்டுருவேன். இவரு வயசுக்கு, இந்த ஆப்பரேசனுக்கு அப்புறம், மிசின்ல போனா வெளிய எடுக்குறது பெரும்பாடு. அவங்க வீட்டம்மாகிட்ட இதை முழுசாச் சொல்லல."

கதவருகில் நின்ற இன்னாசியம்மாளைப் பார்த்தேன். அவள் எங்கள் வாய் அசைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுத்த பச்சை அங்கியை அணிந்துகொண்டு உள்ளே சென்றேன். மரிய ஜோசப் தலைப்பக்கம் உயர்த்தப்பட்ட கட்டிலில் சாய்ந்திருந்தான். மூக்கையும் வாயையும் மூடிய ஆக்சிஜன் முகமூடி. விலாவிலிருந்து இறங்கிய பருத்த குழாய் தரையில் ஒரு பெட்டியில் முடிந்தது. அதிலுள்ள நீரில் அவ்வப்போது குமிழி எழுந்தது. தோளுக்கு அருகில், கம்பத்தில் மாட்டப்பட்டிருந்த சிறு இயந்திரம் முதுகுக்கு மருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தது. செவிலியர் ஜோதிலட்சுமி, மூச்சுப் பயிற்சிக்காக மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியை அவன் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

"உறிஞ்சுங்க பெரியப்பா. மொதப் பந்தாச்சும் மேல வரட்டும். ம்... எங்க? அது ஒங்களுக்கு மேல சோம்பேறியா இருக்கு. நேத்து ரெண்டு பந்து ஏறுச்சு, இன்னைக்கு ஒண்ணுகூட அசையல. வலிக்குதா?"

முகமூடியை விலக்கிக்கொண்டு, "இல்ல தாயி" என்றான். இரண்டு சொல்லுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. மேலுதட்டில் வியர்வை துளித்து நின்றது. வலக்கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பற்றியிருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

என்னைக் கண்டான். அவன் கண்களில் வியப்பு இல்லை. எதிர்பார்த்திருந்தான்போலும்.

"பாஸ்கு... ஒத்திகை... எப்படிப் போகுது?" என்றான்.

"அதெல்லாம் நடக்குது. ஜோசப்பு, டாக்டரம்மா கேக்குறதுக்கு உண்மையச் சொல்லுப்பா."

"சொல்லிக்கிட்டுத்தானண்ணே... இருக்கேன்."

"வலிக்குதா, இல்லையா?"

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். வகுப்பறையில் விடை தெரிந்த மாணவன் ஆசிரியருக்கு விடை தெரியுமா என்று பார்ப்பதைப்போல் இருந்தது அப்பார்வை. "எங்கண்ணே?" என்றான். ஒரு மூச்சு. "பஞ்சு மாதிரி... இருக்கு."

பதினேழு ஆண்டுகளாக அச்சொல்லை அவன் ஒரு நாளும் என்னிடம் திருப்பிச் சொன்னதில்லை. தோட்டத்து வரப்பில் எத்தனையோ முறை சந்தித்திருக்கிறோம். மருந்தடிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறோம். மழையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். என் மனைவி இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தை அவன்தான் தூக்கினான்.

நான் அறிவுரை கூறத் தொடங்கினேன். நுரையீரலைப் பற்றியும் சளியைப் பற்றியும் மருத்துவர் சொன்னவற்றையே திருப்பிச் சொன்னேன். இன்னாசியம்மாளை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது வேறு, உயிரைத் தற்குறித்தனமாகப் பணயம் வைப்பது வேறு என்றும் சொன்னேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் நின்றுகொண்டு பேசிய வாய். அது தானாகவே பேசிக்கொண்டிருந்தது. அவன் கண்களை மூடிக்கொண்டான். தலைக்கு மேலிருந்த திரையில் தொண்ணூற்றொன்று என்று ஒளிர்ந்த ஆக்சிஜன் எண் தொண்ணூறாயிற்று. சிறிது நேரத்தில் எண்பத்தொன்பதாயிற்று. கருவி ஒன்று ஒலி எழுப்பத் தொடங்கிற்று. ஜோதிலட்சுமி வந்து அதனை அமர்த்திவிட்டு, ஆக்சிஜனைக் கூட்டிவிட்டு, மருத்துவரைத் திரும்பிப் பார்த்தாள். மருத்துவர் அனுசுயா அடுத்த கட்டிலருகில் நின்று ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"ஜோதி, தொண்டையில ட்யூப் போடுறதுக்கு எல்லாம் எடுத்து வை. அவங்க வீட்டம்மாவக் கூப்பிடு. நான் பேசணும்" என்றார்.

கட்டிலருகில் ஒரு முக்காலி கிடந்தது. அதில் அமர்ந்தேன். அமர்ந்தபோது என் முகம் அவன் முகத்தின் உயரத்திற்கு வந்தது. மருத்துவர் கேட்கும் தொலைவில் நிற்கிறார் என்பதை அறிந்தேயிருந்தேன். எனினும் குரலைத் தாழ்த்திக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

"வலிச்சுச்சு ஜோசப்பு" என்றேன்.

அவன் கண்களைத் திறக்கவில்லை. சட்டத்தைப் பற்றியிருந்த கை மட்டும் ஒருமுறை இறுகியது.

"அன்னைக்கு நான் ஒங்கிட்டச் சொன்னது பொய். உள்ள நாருக் கயிறு இருந்தது மொத அடியிலேயே தெரிஞ்சுபோச்சு. பனியன் புண்ணுல ஒட்டிக்கிட்டு, மறுநாளு என் வீட்டுக்காரி வெந்நி ஊத்தித்தான் உரிச்சா. ஒரு மாசம் மல்லாக்கப் படுக்கல. நீ வாசல்ல வந்து நிக்கயில சட்டைக்குள்ள எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒனக்கு நிம்மதி கெடைக்கக்கூடாதுன்னே அப்படிச் சொன்னேன். அருண நான் அடிச்ச அன்னைக்கே நீ வந்து என் சட்டையப் புடிச்சிருக்கணும். நீ வரல. நானாச்சும் ஒன் வீட்டுக்கு வந்திருக்கணும். நானும் வரல. பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல அவன் பேர நான்தான் அடிச்சேன், என் கையாலயே, சிவப்பு மையில."

மருத்துவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மரிய ஜோசப் நான்கைந்து மூச்சு விட்டான். அம்மூச்சுகள் ஒவ்வொன்றும் குட்டையாக, நடுவில் வெட்டுண்டு, தொண்டைக்குழியோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

மரிய ஜோசப் கண்களைத் திறந்தான். இடக்கையால் முகமூடியைச் சற்று விலக்கினான்.

"எத்தன?" என்றான்.

"என்ன?"

"பத்துக்கு... எத்தனண்ணே?"

பத்து என்று சொல்ல வாய் வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளும் மனத்துக்குள் அதற்குப் பத்து என்றுதான் நான் இட்டு வைத்திருந்தேன். ஆனால் அவன் கேட்ட விதம் என்னைத் தடுத்தது. அந்தத் தூணையும் அந்த வெயிலையும் ஒருமுறை நேர்மையாக நினைத்துப் பார்த்தேன். கால்கள் நின்றன. நினைவு தப்பவில்லை. கூட்டத்தில் யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

"ஏழு" என்றேன்.

அவன் நெற்றி சுருங்கியது. கண்ணோரம் ஏதோ ஒன்று அசைந்தது. "ஏழுதானா?" என்றான். "நான்... பத்துக்குத்தாண்ணே... அடிச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. அது உதட்டோடு நில்லாமல் உள்ளே இறங்கி வயிற்றைக் குலுக்கியது. அவ்வளவுதான். வலக்கை சட்டத்தை விட்டுவிட்டு விலாவைப் பற்றிக்கொண்டது. உடல் முழுவதும் ஒருபுறமாய் வளைந்தது. முகமூடிக்குள்ளிருந்து ஓர் ஓசை எழுந்தது. பாஸ்குத் திடலில் ஆயிரம் பேர் நடுவில் நான் அடக்கிக்கொண்ட ஓசையாக அது இருக்கலாம். "யாத்தே!" என்று அலறினான். "ஏ யாத்தே!" அந்த அலறலின் பின்னாலேயே இருமல் வந்தது, ஆழத்திலிருந்து, சளியை அறுத்துக்கொண்டு, முதல் இருமல். அது முடிவதற்குள் இன்னொன்று.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே இன்னாசியம்மாள் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அருண் நின்றான்.

மருத்துவர் கட்டிலருகே வந்துவிட்டார். ஒரு தலையணையை எடுத்து அவன் மார்போடு அணைத்துப் பிடித்தார். திரையில் எண்பத்தேழு என்று இருந்தது. ஜோதிலட்சுமி குழாய் போடும் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்று மருத்துவரின் முகத்தைப் பார்த்தாள். மருத்துவர் அவளைப் பொறு என்பதுபோல் கையமர்த்தினார்.

"ஐயா, இங்க பாருங்க. இப்பச் சொல்லுங்க. வலது பக்கம்தான? எவ்வளவு?"

மரிய ஜோசப் பேச முயன்றான். மூச்சு இடம் கொடுக்கவில்லை. தலை தலையணையில் சாய்ந்தது. அவன் மருத்துவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையை அசைத்தேனா என்று எனக்கு நினைவில்லை. விலாவைப் பற்றியிருந்த வலக்கை மெல்ல மேலெழுந்தது. கட்டைவிரல் நீண்டது. அடுத்து ஆள்காட்டி விரல். பின்னர் மற்றவை, ஒவ்வொன்றாக. ஐந்தும் விரிந்து நின்றன. மருத்துவர் குனிந்தார். அப்போது போர்வைக்கு மேல் கிடந்த அவனுடைய இடக்கை, ஊசியும் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்த கை, விரல்களை மடக்கிக்கொண்டு எழும்பத் தொடங்கியது.